அப்பா பெயரில் என்ன இருக்கிறது? – வாரிசுகள் கேட்டறிய வேண்டியவை

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் துறையிலிருந்து ஒருவர் பேச வருகிறார் என்றால் உர அளவு, விதை நேர்த்தி, களை நிர்வாகம் பற்றித்தான் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பிற்பகலில் பார்ப்போம். இப்போது எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தந்தையோ தாயோ காலமான பிறகு, அவர்கள் விட்டுச் சென்ற நிலம், கிணறு, சேமிப்பு, கடன் ஆகியவை பற்றி மகனும் மகளும் என்னென்ன கேட்டறியலாம், அதை எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதே அது.

இதற்கும் உழவியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மண் பரிசோதனைக்கு மாதிரி கொண்டு வருகிறவர்களிடம் சர்வே எண் கேட்கிறோம். "அது அண்ணனுக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். சிட்டாவைக் கேட்டால், காலமாகிப் பத்தாண்டு ஆனவர் பெயரில் இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசன மானியம், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சிறு குறு விவசாயி சான்று ஆகிய எல்லாவற்றிற்கும் நிலத்தின் ஆவணம் வேண்டும். தமிழ்நாட்டில் 2025-இல் தொடங்கிய விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவிலும் நில ஆவணமே அடிப்படை. காலமானவர் பெயரில் உள்ள நிலத்திற்கு யூரியா எவ்வளவு இடலாம் என்று நாங்கள் சொல்லிவிடலாம். மானியம் வாங்கித் தர எங்களால் ஆகாது. தன் பங்கு எது என்று தெரியாத நிலத்தில் எவரும் வரப்பு உயர்த்துவதில்லை, தென்னை வைப்பதில்லை, கிணற்றைத் தூர் வாருவதுமில்லை. தரிசு விழுவதற்கு மழையின்மை மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம்.

கேட்க உரிமை யாருக்கு?

உயில் எழுதாமல் ஒருவர் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி அவருடைய சுய சம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், காலமானவரின் தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகிறது. ஐந்து ஏக்கர் வைத்திருந்தவர் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், வயதான தாய் இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு ஒரு ஏக்கர். இந்தக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போகிறவர் பாட்டிதான். தந்தைக்கு முன்பே காலமான மகன் ஒருவர் இருந்தால், அவருடைய பங்கு அவர் மனைவி மக்களுக்கு உண்டு.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை என்ற பேச்சு இன்னும் கிராமங்களில் இருக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டில் செய்த திருத்தம், அவ்வாண்டு மார்ச் 25 வரை மணமாகாதிருந்த மகள்களுக்கு மகனுக்கு ஒப்பான பங்கைத் தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. இந்த உரிமையைப் பெறத் தந்தை 2005-இல் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்துவிட்ட கிரயத்தையும் பாகப்பிரிவினையையும் மட்டும் இது தொடாது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு விகிதம் அவரவர் சட்டப்படி வேறுபடும். ஆனால் மகள் வாரிசு என்பதில் எந்தச் சட்டத்திலும் ஐயமில்லை.

"கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, அதுதான் அவள் பங்கு" என்பார்கள். சீர் கொடுத்தது சீரோடு போயிற்று. நிலத்தில் உள்ள பங்கு அதனால் தீராது.

பங்கு இருக்கிறவருக்கு, அது எதில் இருக்கிறது என்று கேட்கவும் உரிமை இருக்கிறது. இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான விவரங்களுக்கு அண்ணனுடைய தயவோ சித்தப்பாவுடைய அனுமதியோ தேவையே இல்லை. இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தாலும், அந்தப் பெட்டியில் உள்ள பத்திரங்களின் நகல் அரசு அலுவலகங்களில் இருக்கிறது.

முதல் இரண்டு காகிதங்கள்

எங்கே போனாலும் இறப்புச் சான்றைக் கேட்பார்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் வரை அலைய நேரிடும். துக்க வீட்டில் இதை யார் நினைப்பார்கள் என்று இருந்துவிட வேண்டாம். பதினாறாம் நாள் காரியத்திற்கு முன் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார். வாரிசு இன்னார் என்று மட்டுமே இது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. விண்ணப்பிக்கிறவர் வெளியூரில் வாழும் தங்கையின் பெயரை விட்டுவிடுவது உண்டு. சில சமயம் மறதி, பல சமயம் அப்படியல்ல. ஆகவே, மற்றவர் விண்ணப்பித்திருந்தாலும் சான்றின் நகலை வாங்கி, உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நிலம் எங்கே, எவ்வளவு?

கர்ணம் வீட்டுத் திண்ணையில் நின்று கணக்குக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பரம்பரைப் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. இன்று பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு விவரம், புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஊரும் சர்வே எண்ணும், அல்லது ஊரும் பட்டா எண்ணும் தெரிந்தால் போதும்.

எண் தெரியாதவர்கள் என்ன செய்வது? வீட்டில் கிடக்கும் பழைய காகிதங்களைத் தேடுங்கள். தீர்வை ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், மோட்டார் மின் இணைப்பு அட்டை, பழைய மண் பரிசோதனை அறிக்கை இவற்றில் ஏதாவது ஒன்றில் எண் இருக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அப்பா பெயரில் எந்தெந்தப் பட்டா என்று கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு விடை வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்தச் சட்டம் அலுவலகத்தைக் கேட்பதற்குத்தான். அண்ணனைக் கேட்பதற்கு உதவாது.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0-60.5 என்று இருந்தால் அறுபதரை ஏர். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். ஓர் ஏக்கர் என்பது 40.5 ஏர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அப்பாவின் பழைய பத்திரத்தில் உள்ள எண் இன்றைய பட்டாவில் இல்லையென்று பயப்பட வேண்டாம். 1980-களில் யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பல ஊர்களில் உட்பிரிவு எண்கள் மாறின. பழைய எண்ணுக்கு ஈடான புதிய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டறியலாம். அப்போது பெயர் தவறாக ஏறிய பட்டாக்களும் உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டா ஒருவர் பெயரில் மட்டும் இருப்பதாலேயே நிலம் முழுவதும் அவருடையதாகிவிடாது. தந்தை காலமான பின் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுவதே முறை. ஒருவர் மட்டும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983-இன்படி மற்றவர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம்.

சார்-பதிவாளர் அலுவலகத்தில் கிடைப்பவை

என்னைக் கேட்டால், பட்டாவைவிட முக்கியமானது வில்லங்கச் சான்று. ஒரு சர்வே எண்ணில் எந்த ஆண்டு யார் வாங்கினார், யார் விற்றார், எவரிடம் அடமானம் ஆயிற்று, அது தீர்ந்ததா என்பதெல்லாம் அதில் வரிசையாக வரும். அண்மைப் பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம். மிகப் பழைய காலத்துக்கு மனுச் செய்து வாங்க வேண்டும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று குறைத்துக் கேட்காமல், அப்பா சொத்து வாங்கத் தொடங்கிய காலத்திலிருந்து கேளுங்கள். காலமாவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏதேனும் தானப் பத்திரமோ ஏற்பாட்டுப் பத்திரமோ எழுதப்பட்டிருந்தால் அதுவும் அதில் தெரியும்.

சர்வே எண்ணே தெரியாத நிலத்தை எப்படித் தேடுவது? பதிவுச் சட்டம் 1908-இன் 57-ஆம் பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்கிறது. வாரிசு என்று நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை. அந்த அட்டவணைகளில் ஒன்று பெயர் வரிசையில் அமைந்தது. ஆக, அப்பா பெயரைக் கொண்டே தேட வழியிருக்கிறது. அவர் மாமனார் ஊரிலோ வேலை பார்த்த ஊரிலோ நிலம் வாங்கியிருக்கக்கூடும் என்றால், அந்தப் பகுதியின் சார்-பதிவாளர் அலுவலகத்திலும் பார்க்க வேண்டும்.

இனி உயில். "அப்பா எனக்கு உயில் எழுதி வைத்துவிட்டார்" என்று ஒருவர் சொல்வார்; காட்டமாட்டார். சுய சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுத அப்பாவுக்கு உரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஓர் உயில் இருக்கிறதா என்று அறியும் உரிமை உங்களுக்கும் உண்டு. பதியப்பட்ட உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். அவர் காலமான பின், மனுச் செய்யும் எவருக்கும் நகல் தர வேண்டும் என்று அதே 57-ஆம் பிரிவு கூறுகிறது. இறப்புச் சான்றுடன் போய்க் கேளுங்கள். உயிலை எந்த சார்-பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், உள்ளூரில் இல்லையென்றால் உயிலே இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். உயிலைப் பதிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பதியாத உயிலானாலும் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால், அவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவரையாவது விசாரித்தே அதை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே சாட்சிகள் யார் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

பணமும் கடனும்

வங்கி, அஞ்சலகச் சேமிப்பில் நாமினி என்று ஒருவர் பெயர் இருக்கும். வைப்புத் தொகையைப் பொறுத்தவரை நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர். அதனால் மற்ற வாரிசுகளின் பங்கு மறைந்துவிடாது. ஆயுள் காப்பீட்டில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு மனைவி மக்கள் நாமினியாக இருந்தால் நிலைமை வேறு. அதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வங்கியில் கணக்கு என்றே தெரியாமல் பத்தாண்டுக்கு மேல் கிடக்கும் தொகையைத் தேட, ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உள்ளூர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள வைப்பும் பங்குத் தொகையும் அதில் வராது. அங்கே நேரில்தான் போக வேண்டும்.

அப்படிப் போகும்போது நகைக்கடன் உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். விதைப்புக்கு அம்மாவின் சங்கிலியை அப்பா தம் பெயரில் அடகு வைத்திருப்பார். ஏல அறிவிப்பு காலமானவர் பெயருக்கே வரும். கதவு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். நகை ஏலம் போன பிறகு சங்கத்தோடு சண்டையிட்டுப் பயனில்லை.

அப்பாவின் கடனுக்கு வாரிசுகள், தாங்கள் பெற்ற சொத்தின் மதிப்பு அளவுக்கே பொறுப்பாளிகள். தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. காரியம் முடிந்த மறுநாளே புரோநோட்டோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு. மரியாதையாக உட்கார வைத்து, அசலைக் காட்டச் சொல்லுங்கள். தேதி என்ன, கையெழுத்து அப்பாவுடையதுதானா, இடையில் வரவு வைத்து நோட்டின் பின்னால் கையொப்பம் உள்ளதா என்று பாருங்கள். கேட்டவுடன் தர வேண்டிய நோட்டு என்றால், எழுதிய தேதியிலிருந்து, அல்லது முறையாகக் குறிக்கப்பட்ட கடைசி வரவிலிருந்து, மூன்றாண்டு கடந்த பின் வழக்குப் போட முடியாது. கொடுக்க வேண்டியது நியாயமான கடன் என்று உங்கள் மனம் சொன்னால் கொடுப்பது வேறு. அதைத் தெரிந்து கொடுங்கள்.

கையெழுத்துக்கு முன்

மண் மாதிரி எடுக்கப் போன ஓர் ஊரில் ஒரு அம்மா சொன்னதை இங்கே குறிப்பிடுகிறேன். அப்பா காலமாகி மூன்றாம் மாதம் அண்ணன் போன் செய்திருக்கிறார். "நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்துட்டுப் போம்மா, லோன் விஷயமா சும்மா ஒரு கையெழுத்து." இவர் போனார். போன இடத்தில், "அண்ணா, நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், ஒரு தடவை படிச்சுட்டுப் போடுறேன்" என்று கேட்டிருக்கிறார். படித்தால் அது விடுதலைப் பத்திரம். தந்தையின் சொத்து முழுவதிலும் தமக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போடாமல் ஊருக்குத் திரும்பி, வில்லங்கச் சான்று எடுத்தார். அதில், குடும்பத்தில் எவருமே பேசாத நிலம் ஒன்று, ஒன்றே கால் ஏக்கர், அப்பா பெயரில் இருந்தது. தீர்க்கப்படாத அடமானமும் ஒன்று இருந்தது. அண்ணனுக்கே அந்த அடமானம் தெரியாதாம்! இருவரும் கணக்கை எதிரே வைத்துக்கொண்டு பேசி, முடிவில் தங்கை தம் பங்கில் ஒரு பகுதியை அண்ணனுக்கு விட்டுத்தான் கொடுத்தார். இன்னது என்று தெரிந்து விட்டுக்கொடுத்தார்.

விட்டுக்கொடுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு ஒரு தங்கை பங்கை விட்டுத் தருவது நம் குடும்பங்களில் நடப்பதுதான். ஆனால் பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்வது எளிதல்ல. ஏமாற்றப்பட்டேன் என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைப் படிக்காமல் எவரும் கையெழுத்திட வேண்டாம். "மற்றும் இதர சொத்துகள் அனைத்தும்" என்ற சொற்கள் இருந்தால், அந்த இதரம் எது என்று எழுதச் சொல்லுங்கள். நிலத்தோடு கிணற்றுப் பங்கு, முறைத் தண்ணீர், வண்டிப் பாதை ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலம் கிடைத்து, கிணற்றில் பங்கில்லை என்றால் அங்கே மானாவாரிதான். மின் இணைப்பு எவர் பெயரில் இருக்கிறது, அதை மாற்ற மற்றவர்களின் சம்மதக் கடிதம் கிடைக்குமா என்பதையும் அன்றே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

கேட்டும் விவரம் தராதவருக்கு முதலில் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் எழுதுங்கள். பத்திரங்களின் நகலும் நிலத்தின் வருமானக் கணக்கும் வேண்டும் என்று பணிவாகவே கேட்கலாம். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பாகப்பிரிவினை வழக்கு என்று போனால், ஆவணங்களைக் கொண்டு வரவும் கணக்குக் காட்டவும் நீதிமன்றம் ஆணையிடலாம். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து ஒருவர் விலக்கப்பட்டால், அது அவருக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பன்னிரண்டில் கழிகிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். போகும்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், சிட்டா, வில்லங்கச் சான்று நான்கையும் ஒரு உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர்ப் பட்டா விவரத்தை இணையத்தில் பார்ப்பது எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள், உணவு இடைவேளையில் சர்வே எண்ணோடு வந்தால் செயல்முறையாகவே காட்டுகிறோம்.